ஜும்ஆ உரை: பள்ளிவாசலின் கரண்ட் பில்லும் நம் அமானிதமும்

இடம்: பந்தல்குடி, விருதுநகர் மாவட்டம்

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்கிறேன்.

இன்றைக்குக் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசப்போகிறேன். மிம்பரில் நின்று பேசுகிற விஷயமா இது என்று சிலருக்குத் தோன்றலாம். நம் ஜமாஅத்தின் வரவு செலவு வாசிக்கப்படும்போது கவனித்துப் பாருங்கள். இமாம், மோதினார் சம்பளத்துக்கு அடுத்து நிற்கிற பெரிய செலவு மின்கட்டணம்தான். அந்தப் பணம் யாருடையது? வெள்ளிக்கிழமை உண்டியலில் பத்தும் இருபதும் போடுகிற தறிக்காரர் பணம், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர் பணம், வெளிநாட்டில் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்புகிற நம் பிள்ளைகளின் பணம். அது அல்லாஹ்வின் வீட்டுக்கென்று கொடுக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பற்றி மிம்பரில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

குர்ஆனில் ஏழாவது அத்தியாயம், சூரத்துல் அஃராஃப், 31-ஆவது வசனத்தை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள், விரயம் செய்பவர்களை அல்லாஹ் நேசிப்பதில்லை என்பது அதன் பிற்பகுதியின் கருத்து. கல்யாண வீட்டு விருந்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதை ஓதுகிறோம். அதே வசனம் எப்படித் தொடங்குகிறது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். தொழும் இடத்துக்கு, மஸ்ஜிதுக்கு வரும்போது உங்களை அழகாக்கிக்கொள்ளுங்கள் என்றுதான் அது தொடங்குகிறது. மஸ்ஜிதும் விரயமும் ஒரே வசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. வீட்டில் லைட்டை அணைக்காத பிள்ளையைத் திட்டுகிற நாம், பள்ளியில் லுஹர் முடிந்து ஒருவரும் இல்லாமல் ஓடுகிற ஆறு ஃபேனைத் தாண்டிச் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறோம். பள்ளிதானே, யாராவது அணைப்பார்கள்!

சகோதரர்களே! நம் ஊர் வெயிலை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் வரை இந்தக் கரிசல் காட்டில் சித்திரை, வைகாசி என்றால் காற்றே அனல்தான். ஜும்ஆவுக்கு வருகிற பெரியவர்கள் முதல் பாங்குக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு குத்பா, பயான், தொழுகை முடிவதற்குள் வேர்வையில் நனைந்து சட்டையைப் பிழிகிற நிலை. மாடியில் மக்தப் பிள்ளைகள் ஓதுகிறார்கள். அவர்களுக்கு மேலே வெறும் கான்கிரீட் தளம். பகல் முழுக்க அது குடித்த வெயிலை அஸருக்குப் பிறகு பிள்ளைகளின் தலையில் இறக்குகிறது. ஏழு வயதுப் பிள்ளை அலிஃப் பா படிக்க வந்த இடத்தில் தலைவலியோடு வீட்டுக்குப் போனால், மறுநாள் அந்தப் பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று தாய் யோசிக்கத்தானே செய்வாள்?

ஆகவே ஏ.சி. போட வேண்டும் என்று சில இளைஞர்கள் கேட்பதை நான் ஆடம்பரம் என்று ஒதுக்கமாட்டேன். வெப்பத்தை மார்க்கம் அலட்சியப்படுத்தவில்லை. கடும் வெயிலில் லுஹர் தொழுகையைச் சற்றுக் குளிர்ந்த நேரத்துக்குத் தாமதப்படுத்தும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்: கடும் சூட்டில் நெற்றியைத் தரையில் வைக்க முடியாதபோது ஸஹாபாக்கள் தங்கள் ஆடையை விரித்து அதன்மேல் ஸஜ்தா செய்தார்கள். உமர் (ரலி) அவர்கள் பள்ளியைக் கட்ட உத்தரவிட்டபோது, மக்களை மழையிலிருந்து காக்கிற மாதிரி கட்டு, சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்கள் கவனத்தைக் கெடுத்துவிடாதே என்ற கருத்தில் சொன்னார்கள் என்பதும் புகாரியில் உண்டு. கட்டடம் எதற்கு என்பதை ஒரே பேச்சில் சொல்லிவிட்டார்கள். தொழ வருகிறவரைக் காப்பதற்கு. மதீனாவில் மழையிலிருந்து காப்பது பெரிது, பந்தல்குடியில் வெயிலிலிருந்து காப்பது பெரிது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் எப்படிக் காப்பது என்பதில் கணக்குப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 1,500 வாட் இழுக்கும். ஆறு ஏ.சி. என்றால் 9,000 வாட். அதற்கு மின்வாரியத்தில் லோடு உயர்த்த வேண்டும், வயரிங் மாற்ற வேண்டும், கதவு ஜன்னலை அடைக்க வேண்டும். இருபது சாதாரண சீலிங் ஃபேன், ஒன்றுக்கு 75 வாட் வீதம், 1,500 வாட். அதே இருபதும் இப்போது கடையில் கிடைக்கிற பி.எல்.டி.சி. ஃபேனாக, ஒன்றுக்கு 28 வாட் வீதம் இருந்தால் மொத்தமே 560 வாட். காற்று ஏறக்குறைய அதே காற்று.

இதையே யூனிட்டில் பாருங்கள். இருபது ஃபேன், ஒரு நாளைக்குச் சராசரியாக 6 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய ஃபேனுக்கு ஒரு நாளைக்கு 9 யூனிட். புதியதற்கு மூன்றரை யூனிட்டுக்கும் குறைவு. நமக்கு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. 60 நாளில் பழையது 540 யூனிட், புதியது சுமார் 202 யூனிட். 338 யூனிட் மிச்சம். யாரும் ஒரு நிமிடம்கூட வேர்க்காமல், யாரும் தியாகம் செய்யாமல் மிச்சம். சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. கடைக்குப் போகிறவர் பெட்டியில் ஒட்டியிருக்கிற அந்த நட்சத்திரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பள்ளிக்கு அன்பளிப்பாக ஃபேன் வாங்கிக் கொடுப்பது நம் ஊரில் பழைய வழக்கம். இறக்கையில் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். கொடுங்கள், அல்லாஹ் கபூல் செய்யட்டும். 500 ரூபாய் மிச்சம் பிடித்து 75 வாட் ஃபேன் கொடுத்தால், அந்த 500 ரூபாயைப் போலப் பல மடங்கை ஜமாஅத் காலப்போக்கில் கட்ட வேண்டியிருக்கும். ஸதகதுல் ஜாரியா என்று நினைத்துக் கொடுத்தது, போய்க்கொண்டே இருக்கிற செலவாகிவிடக் கூடாது.

மாடி அறைக்கு வருவோம். நம் ஊர் எதற்குப் பேர் போனது? சுண்ணாம்புக் கல்லுக்கு. நம் பூமியை வெட்டித்தான் சிமெண்டுக்குக் கல் போகிறது. நம் தாத்தா காலத்தில் மொட்டை மாடிக்கு வருஷம் ஒருமுறை வெள்ளை அடித்தார்கள். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுத்த தளம் குடித்துக்கொள்ளும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் நின்றவருக்குத் தெரியும். இன்றைக்கு இதையே அரசுகள் கொள்கையாக அறிவிக்கின்றன. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கை என்றே ஒன்றைக் கொண்டுவந்தது. மாடித் தளத்தில் பாசி சுரண்டி, வெடிப்பை அடைத்து, வெள்ளைப் பூச்சு இரண்டு கை அடிக்க நமக்கு மானியம் தேவையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து இளைஞர்கள், நாலு தூரிகை போதும். உள்ளே 2, 3 டிகிரி குறைந்தாலே அந்தப் பிள்ளைகளுக்கு அது பெரிய ரஹ்மத்.

ஒளுச் செய்கிற இடத்தையும் மறக்க முடியாது. குழாயைத் திறந்துவிட்டு மிஸ்வாக் செய்கிறோம், பேசுகிறோம், காலைக் கழுவுகிறோம். போர் மோட்டார் ஓடுகிறது. தண்ணீரும் போகிறது, கரண்டும் போகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில், அதாவது இரு கையும் சேர்த்து ஏந்துகிற அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஓடுகிற ஆற்றில் ஒளுச் செய்தாலும் விரயம் கூடாது என்று ஸஅத் (ரலி) அவர்களுக்குச் சொன்னதாக இப்னு மாஜாவில் வருகிற செய்தியை நாம் அதிகம் சொல்வோம். அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முத்து அளவு ஹதீஸே நமக்குப் போதுமானது. கண்மாய் வற்றினால் ஊரே வானத்தைப் பார்க்கிற சீமை இது. இங்கே குழாயை மூடத் தெரியாதவரை என்ன சொல்வது?

இப்போது மானியம் என்ற பேச்சுக்கு வருகிறேன். இதில்தான் நம்மிடையே குழப்பம் அதிகமாக இருக்கிறது.

பள்ளிவாசல் அரசாங்கக் காசு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ரமளானில் நோன்புக் கஞ்சிக்குத் தமிழ்நாடு அரசு கொடுக்கிற பச்சரிசியை ஆண்டாண்டாக வாங்கிக் காய்ச்சிக் குடிக்கிறோம். பழுதான பள்ளிவாசல்கள், தர்காக்களைப் புதுப்பிக்க வக்ஃபு வாரியத்தின் வழியாக அரசு நிதி ஒதுக்குகிறது. அரசாங்கப் பணம் என்பது நாம் தீப்பெட்டி வாங்கும்போதும் டீசல் போடும்போதும் கட்டிய வரிதான். முறையாக அறிவித்த உதவியை, அதற்குத் தகுதி இருந்தால், உண்மையான விவரம் எழுதிக் கேட்டு வாங்குவதில் தவறு இல்லை. பள்ளிவாசலின் பதிவும், பட்டாவும், ஆண்டுக் கணக்கும் ஒழுங்காக இருந்தால்தான் அந்த வாசலில் போய் நிற்க முடியும். கணக்கு நோட்டு ஒருவர் வீட்டுப் பீரோவில், ரசீதுக் கட்டு இன்னொருவர் கடையில் என்று இருக்கிற ஜமாஅத்துக்கு எந்த மானியமும் வராது. பொதுவாகத்தான் சொல்கிறேன், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

ஆனால் தகுதி என்ற ஒன்று இருக்கிறதே! பிரதமரின் சூரிய வீடு திட்டம் என்று 2024 பிப்ரவரியில் தொடங்கினார்கள். ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார் வைப்பது நோக்கம், 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்று அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம். இந்தத் தொகையைக் கேட்டதும் பள்ளிக்கும் வாங்கிவிடலாமே என்று எல்லோருக்கும் ஆசை வருகிறது. அது வீடுகளுக்கான திட்டம். குடியிருப்போர் சங்கங்களின் பொது வசதிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. பள்ளிவாசலுக்கு அதில் இடமில்லை. வழிபாட்டுத் தலத்துக்கு மின்வாரியம் வைத்திருக்கிற கட்டண வகையே வேறு. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியைக் கேட்கலாமே என்று இன்னொரு யோசனை. அந்த நிதியின் விதிமுறையிலேயே வழிபாட்டுத் தலங்களுக்குள் பணி செய்யக்கூடாது என்று இருக்கிறது. கோயிலுக்கும் இல்லை, சர்ச்சுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. நமக்கு மட்டும் மறுக்கிறார்கள் என்று டீக்கடையில் பேசுவது நியாயமில்லை.

இதில் ஒரு குறுக்குவழி காட்டுகிற ஆட்கள் உண்டு. சோலார் மாட்டித் தருகிறேன் என்று வருகிறவர் மெதுவாகச் சொல்வார்: "ஹஜ்ரத், பள்ளி வளாகத்தில்தானே இமாம் குடியிருக்கிறார்? அந்த வீட்டு மீட்டர் பேரில் விண்ணப்பம் போடுவோம். மானியம் வந்துவிடும். தகட்டைப் பள்ளி மாடியில் வைத்து, வயரை மட்டும் இந்தப் பக்கம் இழுத்துக்கொள்வோம். அல்லாஹ் வீட்டுக்குத்தானே?"

சகோதரர்களே, அல்லாஹ்வின் வீட்டுக்காக அல்லாஹ் தடுத்ததைச் செய்வதா? விண்ணப்பத்தில் எழுதுவது சாட்சியம். இன்ன வீட்டுக்கு, இன்ன பயன்பாட்டுக்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வேறொன்றுக்குத் திருப்பினால் அது பொய்ச் சாட்சியம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமாக இருப்பதைக் கண்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவர் அல்ல என்ற கருத்தில் எச்சரித்தது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மேலே காய்ந்த தானியம், கீழே ஈரம். மேலே வீட்டு விண்ணப்பம், கீழே பள்ளி வயர். என்ன வேறுபாடு? அதோடு, ஒரு நாள் அதிகாரி வந்து பார்த்தால் மாட்டிக்கொள்வது அந்த மாட்டித் தந்தவர் இல்லை. கையெழுத்துப் போட்ட இமாம், அவர் குடும்பம், பிறகு ஊர் ஜமாஅத்தின் பெயர். ஏழை இமாமை இப்படிச் சிக்கவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

இமாம் உண்மையிலேயே தம் வீட்டுக்கு, தம் இணைப்புக்கு, தம் பயன்பாட்டுக்குப் போடுகிறாரா? தாராளமாகப் போடட்டும். இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களில் எத்தனை பேர் சொந்த வீட்டு மாடியைக் காய வைத்திருக்கிறீர்கள்? உங்களுக்கு அந்த மானியம் ஹலாலாகக் காத்திருக்கிறது. நீங்கள் போடுங்கள். வீட்டில் மிச்சமாகிற கரண்ட் காசில் ஒரு பங்கைப் பள்ளிக்குக் கொடுங்கள். நேர்வழி இவ்வளவு அகலமாக இருக்கும்போது சந்து எதற்கு?

இன்னொரு ஹதீஸையும் நிர்வாகிகள் கவனத்துக்குச் சொல்ல வேண்டும். அபூ ஹுமைத் (ரலி) அறிவிக்கிறார்கள். இப்னுல் லுத்பிய்யா என்பவர் ஸகாத் வசூலுக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறினார்கள். இந்த வேலைக்கு அனுப்பப்படாமல் தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று பொருள்படக் கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. பள்ளிக்குச் சோலார், ஃபேன், பேட்டரி வாங்கும்போது கடைக்காரர் தனியாகக் கொடுக்கிற கமிஷனுக்கும் இதுதான் அளவுகோல். தள்ளுபடி என்றால் பில்லில் குறைத்து எழுதட்டும், பள்ளிக்கு வரட்டும். மூன்று இடத்தில் விலைப்பட்டியல் வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு முடிவெடுத்தால், முத்தவல்லிக்கும் நிம்மதி, நமக்கும் அவரைப் பற்றித் தப்பெண்ணம் வராது.

சோலாரைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அப்போது உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் அது ஒன்று. கம்பெனிக்காரர் நம் கரிசல் வெயிலைத் தேடி வந்தாரே, நாம் மட்டும் குடை பிடித்துக்கொண்டு போகிறோம் என்று ஒருவர் கேலியாகச் சொன்னார். நியாயமான கேலிதான். ஒரு கிலோவாட் சோலார் நம் பகுதியில் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். ஏறக்குறைய 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். ஆனால் பள்ளிவாசலின் பயன்பாடு எப்போது? ஃபஜ்ர் இருட்டில், மஃரிப், இஷா இருட்டில். வெயில் ஏறியிருக்கும் காலை 10 மணிக்குப் பள்ளியில் ஆளில்லை. அப்போது உற்பத்தியாகிற மின்சாரத்தை மின்வாரியம் என்ன கணக்கில் வரவு வைக்கும் என்பதுதான் முக்கியம். நம் கட்டண வகைக்கு எந்த மீட்டர் ஏற்பாடு, யூனிட்டுக்கு என்ன விலை என்பதை மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்காமல் யாரிடமும் முன்பணம் கொடுக்க வேண்டாம். அப்புறம், வெயில் கூடினால் கரண்ட் கூடும் என்பது சரியல்ல. தகட்டுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு அதற்கு ஆகாது. தகடு கொதித்தால் உற்பத்தி குறையும். நம் ஊர்ப் புழுதி படிந்தால் இன்னும் குறையும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதிகாலையில் ஏறித் துடைக்க ஆள் உண்டா? அதை முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். மோதினார் தலையில் சத்தமில்லாமல் இன்னொரு வேலையை ஏற்றிவிடாதீர்கள்.

என் அபிப்பிராயம், முதலில் ஃபேன், லைட், கூரை, குழாய். பிறகுதான் சோலார். கண்மாய்க் கரையில் உடைப்பு இருக்கும்போது மடை கட்டிப் பயனில்லை.

வெளியுலகத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். மொராக்கோ நாட்டில் வக்ஃபு, இஸ்லாமிய விவகார அமைச்சகமும் எரிசக்தித் துறையும் சேர்ந்து 2014-ல் பசுமைப் பள்ளிவாசல் திட்டத்தைத் தொடங்கின. ஜெர்மனியின் தொழில்நுட்ப உதவியும் சேர்ந்தது. 600 பள்ளிகள் இலக்கு. எல்.இ.டி. விளக்கு, ஒளுவுக்குச் சூரிய வெந்நீர், கூரையில் தகடு. மர்ராகெஷ் நகரில் 12-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட குதுபிய்யா பள்ளியின் மாடியிலும் தகடு ஏறிவிட்டது. பழைமை கெட்டுவிடும் என்று யாரும் நிறுத்தவில்லை. அங்கே எனக்குப் பிடித்தது என்னவென்றால், இமாம்களுக்கும் பெண்களுக்கு மார்க்கம் சொல்லித்தரும் முர்ஷிதாக்களுக்கும் இதில் பயிற்சி கொடுத்தார்கள், அவர்கள் மூலம் வீடுகளுக்குச் செய்தி போயிற்று. அட்லஸ் மலைப் பக்கம் தத்மாமத் என்ற சிற்றூரில் பச்சை மண்கல்லால் பள்ளி கட்டி, கூரையில் தகடு வைத்தார்கள். பள்ளிக்குப் போக மிஞ்சிய கரண்ட் இமாம் வீட்டுக்குப் போனது. நம் ஊரைவிடச் சின்ன ஊர் அது.

ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளி, தென்கிழக்கு ஆசியாவிலேயே பெரியது. 500-க்கும் மேற்பட்ட தகடுகள் வைத்து, தண்ணீர்க் குழாய்களை மாற்றி, 2022-ல் உலக வங்கிக் குழுமத்தின் பசுமைக் கட்டடச் சான்று பெற்ற முதல் வழிபாட்டுத் தலம் ஆனது. இங்கிலாந்தில் 2023-ல் தொண்டு அமைப்புகளின் கட்டடங்களுக்கென்று 25.5 மில்லியன் பவுண்டு ஒதுக்கினார்கள். அதில் ஒரு நல்ல ஒழுங்கு வைத்திருந்தார்கள். முதலில் விவரம் தெரிந்த ஒருவர் வந்து கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, எங்கே எவ்வளவு வீணாகிறது என்று எழுதித் தர வேண்டும், அதன் பிறகுதான் பொருள் வாங்க மானியம். நமக்கு அப்படி வந்து பார்க்க யார் இருக்கிறார்? நம் ஜமாஅத்திலேயே ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாலிடெக்னிக் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அல்லாஹ் கொடுத்த அறிவுக்கும் ஸகாத் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கடைசியாக, மானியமே வராவிட்டால் என்ன செய்வது? மைமூனா (ரலி) அவர்கள் பைத்துல் முகத்தஸைப் பற்றிக் கேட்டார்கள். அங்கே போய்த் தொழுங்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். போக முடியாவிட்டால், அதன் விளக்குகளில் எரிய எண்ணெய் அனுப்புங்கள் என்ற கருத்தில் வழிகாட்டினார்கள். அபூதாவூதில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், தூரத்தில் இருக்கிறவருக்கும் பள்ளியின் விளக்கில் ஒரு பங்கு! சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஹதீஸை அனுப்புங்கள். இன்றைக்கு எண்ணெய் என்பது ஒரு 28 வாட் ஃபேன், ஒரு 20 வாட் டியூப் லைட். அதே நபி (ஸல்) அவர்கள்தான் இரவில் தூங்கும்போது விளக்கை அணைத்துவிடுங்கள், எலி திரியை இழுத்து வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்றும் சொன்னார்கள். ஏற்றுவதும் ஸுன்னத், தேவை முடிந்தால் அணைப்பதும் ஸுன்னத்.

நிர்வாகத்தோடு கலந்து பேசியிருக்கிறேன். வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு மின்சார வேலை தெரிந்த பிள்ளைகள் ஏணி, டெஸ்டரோடு வாருங்கள். பள்ளியில் எத்தனை ஃபேன், எத்தனை லைட், ஒவ்வொன்றும் எத்தனை வாட் என்று ஒரு தாளில் எழுதுவோம். கடந்த ஒரு வருஷத்து மீட்டர் அட்டைக் கணக்கை முத்தவல்லி அவர்கள் எடுத்து வைப்பார்கள். அந்தத் தாள் அடுத்த வெள்ளிக்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். ஃபேன் கொடுக்க நிய்யத் வைக்கிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் போங்கள். மாடிக்கு வெள்ளை அடிப்பது அதற்கடுத்த ஞாயிறு, இன்ஷா அல்லாஹ். மக்தப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு விடுமுறை.

தொழுகை முடிந்து போகும்போது இரண்டாவது ஸஃப்புக்கு மேலே ஓடுகிற ஃபேனின் சுவிட்ச் வலது பக்கத் தூணில் இருக்கிறது.